புல்டாக் முரண்டு பிடிக்கிறதா? டெல்டா வீடுகளுக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் புல்டாக் வளர்க்கிற வீடுகளில் கேட்கும் புகார்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். சோம்பேறி, திமிர் பிடித்தது, காது கேட்காத மாதிரி நடிக்கிறது, குரைக்கவே தெரியவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் மகன் ஆசைப்பட்டு வாங்கி, லீவு முடிந்ததும் அப்பா அம்மாவிடம் விட்டுவிட்டுப் போன நாயாக இருந்தால் இன்னொன்றும் சேரும்: “அவன் இருந்தா மட்டும் ஒழுங்கா இருக்கும்.”

இங்கே சொல்வதெல்லாம் இங்கிலீஷ் புல்டாக் பற்றி. குட்டைக் கால், சப்பை முகம், வளர்ந்தால் 18 முதல் 25 கிலோ. ஆயுள் பெரும்பாலும் 8 முதல் 10 வருடம். அமெரிக்கன் புல்டாக் வேறு சாதி. அது உயரமானது, ஓடக்கூடியது, அதன் பிரச்சினைகளும் வேறு.

எந்த அறிகுறியாக இருந்தாலும் பார்க்கும் வரிசை ஒன்றுதான். முதலில் மூச்சு. அடுத்து சூடு. அடுத்து வலி. அதற்குப் பிறகு வீட்டுப் பழக்கம். இந்த நான்கிலும் ஒன்றுமில்லை என்றால்தான் குணத்தைப் பற்றிப் பேச வேண்டும். இதைத் தலைகீழாகப் பார்க்கிறவர்கள்தான் நாயை அடிக்கிறார்கள்.

மூச்சை ஏன் முதலில் வைக்க வேண்டும்? புல்டாக்கின் மூக்கெலும்பு குட்டையாகிவிட்டது; உள்ளே இருக்கும் சதை அந்த அளவுக்குக் குறையவில்லை. மூக்குத் துவாரம் கீறல் போல ஒடுங்கியிருக்கும், மேலண்ணத்தின் மென்மையான பகுதி நீண்டு தொண்டையை மறைக்கும், பல நாய்களுக்கு மூச்சுக்குழலே குறுகல். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கிலும் மூக்கிலும் இருக்கும் ஈரம் காற்றில் உலர்வதால்தான் உடம்பு குளிரும். டெல்டாவில் வயலெல்லாம் தண்ணீர், கிழக்கே கடல், காற்றில் எப்போதும் ஈரம். ஈரக்காற்றில் நாக்கு எளிதில் உலராது. அதனால் கத்திரி வெயிலுக்கு மட்டும் பயந்தால் போதாது. செப்டம்பர் மாதம் மழைக்கு முன்னால் அடிக்கும் புழுக்கத்தில், வெயிலே இல்லாத மாலையிலும் புல்டாக் திணறும்.

“பாதி வழியில படுத்துக்கிட்டு எழுந்திருக்க மாட்டேங்குது”

இழுக்காதீர்கள். நின்ற இடத்திலேயே மூச்சைக் கேளுங்கள். கர்கர் என்ற சத்தம் சீராக வந்தால் அது அதன் வழக்கமான மூச்சு. உள்ளே இழுக்கும்போது கீச்சென்றோ, தொண்டை அடைத்த மாதிரியோ கேட்டால், விலா ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுந்தால், நாக்கு கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ மாறினால், நடை அன்றைக்கு அவ்வளவுதான். நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் காட்டுங்கள். பத்து நிமிடத்தில் மூச்சு பழைய நிலைக்கு வரவில்லை என்றால் கீழே “திடீர்னு தள்ளாடுது” என்ற தலைப்பில் சொல்லியிருப்பதைச் செய்யுங்கள்.

மூச்சு சரி என்றால் தரை. தார்ச் சாலையில் புறங்கையை 7 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாத தரையில் அதுவும் கால் வைக்காது. சாயங்காலம் ஐந்து மணிக்குச் சாலை ஆறியிருக்கும் என்பது நம் நினைப்பு. சித்திரை வைகாசியில் ஏழு மணிக்கும் ஆறியிருக்காது.

தரையும் சரி என்றால் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். கருவேல முள்ளோ, அறுத்த வயலில் நின்ற நெல் தாளின் குத்தோ இருக்கும். விரல்களுக்கு நடுவே சிவந்த கட்டி இருந்தால் அது இந்தச் சாதிக்கு அடிக்கடி வருவது. டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அதற்கும் அடுத்தது இடுப்பு. திண்ணைப் படி ஏறத் தயங்குகிறதா, பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் போலத் தாவுகிறதா, ஒரு பக்கமாகவே சரிந்து உட்காருகிறதா? இடுப்பு மூட்டுக் கோளாறு புல்டாக்கில் சகஜம். எக்ஸ்ரே எடுக்காமல் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இதெல்லாம் தாண்டியும் படுத்துக்கொண்டால், அது வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறது. அதுவும் உண்டு. திசையை மாற்றுங்கள், மோப்பம் பிடிக்க விடுங்கள், பையில் ஒரு துண்டு வேகவைத்த கோழி வைத்திருங்கள். காலை ஆறரைக்குள் ஒரு கால் மணி நேரம், இருட்டிய பிறகு ஒரு கால் மணி நேரம் போதும். கழுத்தில் பெல்ட் கட்டி இழுப்பது ஏற்கெனவே குறுகிய தொண்டையை இன்னும் நெரிக்கும். மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் வாங்குங்கள். வாங்கிய பிறகு ‘இழுக்கலாம்’ என்று அர்த்தமில்லை.

எடையையும் பாருங்கள். விலா எலும்பு கண்ணுக்குத் தெரிய வேண்டாம், கையால் தடவினால் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை என்றால் விசாரிக்க வேண்டிய ஆள் அப்பாயிதான். “பாவம், அது என்னத்த திங்குது” என்று தட்டிலிருந்து தள்ளும் அரை இட்லியும் வடையும் யார் கணக்கிலும் வராது. கொழுப்பு தொண்டையைச் சுற்றியும் சேரும். இரண்டு கிலோ குறைந்தாலே மூச்சுச் சத்தம் மாறுவதைக் கேட்கலாம்.

“திடீர்னு தள்ளாடுது, நுரை தள்ளுது”

இது குணமும் இல்லை, வலிப்பு என்று காத்திருக்கும் விஷயமும் இல்லை. வெயிலிலோ புழுக்கத்திலோ நடந்தால் வெப்பத் தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கயிறு போலக் கெட்டியான எச்சில், ஈறு முதலில் செக்கச் செவேலென்று இருந்து பிறகு வெளுப்பது, வாந்தி, கால் பின்னுவது. நாயின் சாதாரணச் சூடு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். 104-ஐத் தாண்டினால் ஆபத்து.

முதலில் குளிரவையுங்கள், பிறகு வண்டியில் ஏற்றுங்கள். ஆஸ்பத்திரி போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டி தேடும் நேரத்தில்தான் பல நாய்கள் போகின்றன. போர்த் தண்ணீரை ஹோஸில் விட்டு வயிறு, தொடை, கழுத்து எல்லாம் நனையுங்கள். நனைத்துக்கொண்டே விசிறி போடுங்கள். ஈரத்துணியைச் சுற்றி மூடி வைக்காதீர்கள். சூடு உள்ளேயே நின்றுவிடும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குப் போய்விடும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்து 103 வந்ததும் நனைப்பதை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். எழுந்து நடந்துவிட்டாலும் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். சிறுநீரகமும் ரத்தம் உறைவதும் கெடுவது மறுநாள்கூடத் தெரியவரும்.

இங்கே ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். சந்தோஷத்தாலும் இது வரும். பொங்கலுக்கு ஊரிலிருந்து ஒரே சமயத்தில் பத்துப் பேர் வந்து இறங்கும்போது, கூடத்தில் குதித்துக் குதித்தே மூச்சு முட்டிப்போன புல்டாக் உண்டு. விருந்தாளி வரும் நேரத்தில் அதை ஓர் அறையில் விசிறி போட்டு விட்டுவிட்டு, வீடு அடங்கியதும் ஒவ்வொருவராகப் போய்ப் பார்க்கட்டும்.

“கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது”

காதைப் பாருங்கள். நாற்றம், கறுப்பு அழுக்கு, தலையை ஆட்டுவது இருந்தால் காதில் புண். குட்டியிலிருந்தே எதற்கும் திரும்பாத நாய், அதிலும் வெள்ளை அதிகமுள்ள நாய் என்றால், பிறவியிலேயே செவிடாக இருக்கலாம். தூங்கும்போது பின்னாலிருந்து பாத்திரத்தைத் தட்டிப் பாருங்கள். தரை அதிராமல் தட்ட வேண்டும். அதிர்வை அது காலால் கேட்கும்.

காது நன்றாக இருந்தால் வீட்டைக் கவனியுங்கள். தாத்தா “ஏய் வாடா” என்பார், பிள்ளை “கம்” என்பான், அம்மா பெயரைச் சொல்வார், பெரியப்பா கையைத் தட்டுவார். நாய் எதைக் கேட்கும்? ஒரே சொல்லை எல்லோரும் வைத்துக்கொள்ளுங்கள், வந்ததும் உடனே ஏதாவது கொடுங்கள். ஒரு தடவைக்கு மூன்று நான்கு நிமிடம், அதற்கு மேல் புல்டாக்குக்குப் பொறுமை இருக்காது. மூளை இல்லாததால் அல்ல. தனக்கு என்ன லாபம் என்று யோசித்துவிட்டு எழுந்திருக்கும் நாய் இது. அடித்தால் வேகம் கூடாது. உங்களைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் போக மட்டும் கற்றுக்கொள்ளும்.

“சாப்பிடும்போது கிட்டப் போனா உறுமுது”

நேற்றுவரை உறுமாத நாய் இன்று உறுமினால் பல், ஈறு, காது, கழுத்து என்று வலியைத் தேடுங்கள். குட்டியிலிருந்தே உறுமுகிறது என்றால் தட்டைக் காக்கும் பழக்கம். புல்டாக்கில் அது அபூர்வமும் இல்லை. தட்டைப் பிடுங்கி “நான்தான் எஜமான்” என்று காட்டுவது ஊரில் சொல்லிக்கொடுக்கும் வைத்தியம். அதனால் பழக்கம் முற்றும். உறுமலுக்கு அடித்தால் அடுத்த முறை உறுமாமல் கடிக்கும். உறுமல் நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

ரேழியிலோ கொல்லைத் தாழ்வாரத்திலோ தனி இடத்தில் தட்டு வையுங்கள். சாப்பிட்டு முடிக்கும்வரை பிள்ளைகள் அந்தப் பக்கம் போகக் கூடாது. பெரியவர் ஒருவர், உறுமல் வராத தூரத்தில் நின்று, தட்டில் இருப்பதைவிட நல்ல ஒரு துண்டைத் தட்டுக்குள் எறிந்துவிட்டு நகரட்டும். நாய் நிமிர்ந்து, ஆள் வருவதை எதிர்பார்த்துப் பார்க்க ஆரம்பிக்கும்வரை அதே தூரம். பிறகு ஓர் அடி முன்னால். வாரக்கணக்கில் ஆகும். ஒருமுறை பல் பட்டிருந்தால் நீங்களே செய்யாமல் அனுபவமுள்ளவர் உதவியோடு செய்யுங்கள்.

“பிள்ளைங்ககிட்ட எப்படின்னு நம்புறது?”

பொதுவாக நம்பலாம். பிள்ளைகளிடம் இவ்வளவு பொறுமையுள்ள பெரிய நாய்கள் குறைவு. சிக்கல் வேறு இடத்தில். மற்ற நாய்களின் முகம் பேசும்: காது பின்னால் போகும், உதடு சுருங்கும், வால் இறங்கும். புல்டாக்கின் முகம் எப்போதும் சுருங்கியே இருக்கிறது, வாலோ இரண்டு அங்குலத் திருகு. பிள்ளைக்கு மட்டுமல்ல, பெரியவர்களுக்கும் அதன் எரிச்சல் தெரிவதில்லை. அதனால் உடம்பைப் பாருங்கள். தலையை வேறு பக்கம் திருப்புவது, காரணமில்லாமல் உதட்டை நக்குவது, கொட்டாவி, கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரிவது, எழுந்து வேறு இடத்துக்குப் போவது: இவை “போதும்” என்ற அர்த்தம். எல்லாவற்றிலும் முக்கியம், எப்போதும் கேட்கும் அந்தக் கர்கர் சத்தம் சட்டென்று நின்று உடம்பு விறைப்பது. அந்த நொடியில் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள்.

முதுகில் ஏறி யானைச் சவாரி விளையாடக் கூடாது. திருகு வாலைத் தரும் அதே கோளாறு பல புல்டாக்குகளுக்கு முதுகெலும்பிலும் இருக்கும். முகத்தோடு முகம் வைத்துக் கட்டிக்கொள்வதும் வேண்டாம். துருத்திய கண், நகம் பட்டால் புண். பிள்ளையை அது இடித்துத் தள்ளினால் அது கோபமில்லை, 20 கிலோ உடம்புக்குப் பிரேக் இல்லை.

“குரைக்கல, யார் வந்தாலும் வாலாட்டுது”

பழுது இல்லை. காளையோடு மோதவிடுவதற்காக இங்கிலாந்தில் வளர்த்த நாயின் வழி இது. 1835-இல் அந்த விளையாட்டைச் சட்டம் தடுத்தது. அதற்குப் பின் வளர்த்தவர்கள் வெறியைக் கழித்து, சாந்தமானதையே தேர்ந்தெடுத்துப் பெருக்கினார்கள். முகம் மட்டும் பழைய முகமாகத் தங்கிவிட்டது. களத்தையும் தென்னந்தோப்பையும் காக்க நாய் வேண்டுமென்றால் ராஜபாளையமோ கோம்பையோ வாங்குங்கள்; நம் வெயிலுக்கும் அவை தாங்கும். புல்டாக்கைக் காவலுக்குப் பழக்க அடித்து, வெறியேற்றி, சங்கிலியில் போடுவது எனக்குப் பார்க்கப் பொறுக்காத காரியம்.

அக்கம்பக்கம் பயந்தால் ஒரு தகவல்: மத்திய அரசு 2024 மார்ச்சில் மாநிலங்களுக்கு அனுப்பிய 23 வகை நாய்களின் பட்டியலில் பெயர் இருந்தது அமெரிக்கன் புல்டாக்குக்கு, இங்கிலீஷ் புல்டாக்குக்கு அல்ல. அந்தச் சுற்றறிக்கையையும் கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே ரத்து செய்தது.

“தெரு நாயைக் கண்டா ஆகாது”

பாதி நேரம் சண்டையை ஆரம்பிப்பது தெரு நாய்தான். புல்டாக்கின் உற்றுப் பார்வையும் கர்புர் மூச்சும் அதற்குச் சவாலாகப் படும். எதிரே நாய் வந்தால் நேருக்கு நேர் நடக்காமல் வளைந்து ஒதுங்கிப் போங்கள். வீட்டிலேயே இரண்டு ஆண் புல்டாக் என்றால் ஒன்றரை இரண்டு வயதில் மோதல் ஆரம்பிக்கலாம். தட்டையும் படுக்கையையும் தனித்தனியாக வையுங்கள். பிடித்துவிட்டால் விடாது. நடுவில் கை நீட்டாதீர்கள். வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றுங்கள், இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைத் தூக்கிப் பின்னால் இழுங்கள். மனிதருக்குப் பல் பட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். “நம்ம வீட்டு நாய்தானே” என்பது ரேபீஸ் விஷயத்தில் செல்லாது.

“வாய்க்காலைப் பாத்தா குதிக்குது”

குதிக்கும். நீந்தாது. கனத்த தலை, அகன்ற மார்பு, குட்டைக் கால். முன்பாரம் இழுத்து மூக்கு தண்ணீருக்குள் போய்விடும். ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்து, கல்லணையிலிருந்து தண்ணீர் பிரிந்து வரும்போது, போன மாதம் வரை மணலாகக் கிடந்த இடத்தில் ஆள் மட்டத்துக்கு ஓட்டம் இருக்கும். நாய்க்கு அது தெரியாது. பழைய நினைப்பில் இறங்கும். பிள்ளைகள் குளிக்க இறங்கினால் பின்னாலேயே தானும் குதிக்கும். தண்ணீர் வரும் நாள் முதல் சம்பா அறுவடை வரை கரையோரம் ஹார்னஸும் கயிறும் கட்டாயம். கொல்லையில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருந்தால் வலை போடுங்கள். தண்ணீரில் விளையாட ஆசைப்பட்டால் முழங்காலளவு தொட்டி போதும், ஆள் பக்கத்தில் இருந்தால்.

“கொல்லையில கட்டினா ஊரைக் கூட்டுது”

கொல்லை நாய் இல்லை இது. ஆள் இருக்கும் அறையில், காலடியில் கிடக்க வேண்டும். சிவப்புச் சிமெண்ட் தரை, ஓர் ஈரச் சாக்கு, மேலே விசிறி. மின்சாரம் போனால் இன்வெர்ட்டர். தனியாக விட்டால் செருப்பைக் கடிப்பதும் கதவைப் பிறாண்டுவதும் பழிவாங்கல் இல்லை, தவிப்பு. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரை மணி என்று வெளியே போய்வந்து பழக்குங்கள். போகும்போதும் வரும்போதும் கொஞ்சாதீர்கள். நாலு முதல் ஆறு மாதக் குட்டி கடித்தால் பல் முளைக்கிறது, அவ்வளவுதான். கடிக்கக் கொடுக்கும் பொருள் அதன் வாயைவிடப் பெரிதாக இருக்கட்டும். மாம்பழக் காலத்தில் கொட்டையைக் குப்பையில் கைக்கெட்டாமல் போடுங்கள்: புல்டாக் மெல்லாமல் விழுங்கும், கொட்டை குடலை அடைக்கும், அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

“மழைக்காலத்துல தொட்டாலே சீறுது”

ஐப்பசி கார்த்திகையில் இந்தப் புகார் வந்தால் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். மூக்குக்கு மேலே, கண்ணுக்குக் கீழே, வாலடியில் இருக்கும் குழியில். சிவப்பு, பிசுபிசுப்பு, புளித்த நாற்றம். தலையைத் தடவ வரும் கை அதற்கு நெருப்பாகத் தெரியும். ஈரப் பஞ்சால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஈரத்தைத் துடைப்பதைவிடக் காயவைப்பதுதான் வேலை. முக மடிப்பில் வேப்பெண்ணெய், மஞ்சள் எதுவும் வேண்டாம், கண் பக்கத்தில் இருக்கிறது.

அதே பருவத்தில் சீறாமல் சுருண்டு படுத்து, சாப்பிடாமல், கண்ணோ ஈறோ மஞ்சளானால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வயல் தண்ணீரில் எலி மூத்திரம் கலக்கும் ஊர் இது, நம்மையும் தொற்றும். அன்றைக்கே டாக்டர், கையுறை இல்லாமல் அதன் சிறுநீரைக் கழுவாதீர்கள். வருடத் தடுப்பூசியில் எலிக்காய்ச்சலும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் போடுங்கள். ஈறு வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலோ, எலிக்கு வைத்த விஷத்தைத் தின்றதோ என்ற சந்தேகத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வாயு பிரிவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பால்சோற்றை நிறுத்துங்கள், தட்டில் பெரிய கல் ஒன்றை வைத்து மெதுவாகச் சாப்பிட வையுங்கள். மிச்சத்தைச் சகித்துக்கொள்ளுங்கள்.

“ராத்திரி பூரா குறட்டை, பகல் பூரா தூக்கம்”

குறட்டை மட்டும் என்றால் விட்டுவிடலாம். ஆனால் உட்கார்ந்தபடியே தூங்குகிறதா? தாடையைத் திண்டில் தூக்கி வைத்தோ, வாயில் பொம்மையைக் கவ்வியபடியோதான் தூங்குகிறதா? மூச்சு நின்று, திடுக்கிட்டு எழுகிறதா? அப்படியென்றால் அந்தப் பகல் தூக்கம் சோம்பல் இல்லை. இரவில் அது தூங்கவே இல்லை. அடைத்த மூக்கோடு கல்லணை வரை சைக்கிள் மிதித்தவனைப் போலத்தான் அது விடியற்காலையில் எழுந்திருக்கும். குளிர்ந்த காலையில் மூன்று நிமிடம் வேகமாக நடக்க விட்டு, நடப்பதற்கு முன்னும் பின்னும் சத்தத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பின்னால் கேட்பது மிக மோசமாக இருந்தால் டாக்டர் பார்க்க வேண்டிய கட்டம். மூக்குத் துவாரத்தை அகலப்படுத்தி, நீண்ட அண்ணத்தைக் குறைக்கும் அறுவை சிகிச்சை உண்டு. இளம் வயதில் செய்தால் பலன் அதிகம். அதற்குப் பிறகு ‘சோம்பேறி’ நாய் தானாக வாசலுக்குப் போய் நிற்பதைப் பார்க்கலாம்.

ஊர் மாட்டு ஆஸ்பத்திரியில் இதற்கு வசதி இருக்காது. டெல்டாவுக்குள்ளேயே ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே விசாரித்துவிட்டு, தேவைப்பட்டால் சென்னை வேப்பேரிக் கல்லூரி. மயக்க மருந்து புல்டாக்குக்குக் கூடுதல் ஆபத்து என்பதால் சப்பை மூக்கு நாய்களுக்குச் செய்து பழகியவரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அவசரம் இல்லையென்றால் மார்கழி தை மாதத்தில் நாள் குறியுங்கள். போகும்போது, அது தூங்கும் சத்தத்தை இரண்டு நிமிடம் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். புது இடத்தில் டாக்டர் முன்னால் அது தூங்கிக் காட்டாது.